இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 8, சனிக்கிழமை

வாத்தியாருக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை லைன் கட்டாகவில்லை, போனை நான்தான் வைத்தேன். இனிமேல் பாப்பாவோடு மட்டும் போனில் பேசுவேன். உங்களுக்கு எழுதுவேன். இங்கிருந்து தபால் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அந்தப் பத்து நாளும் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை, அதனால் கொஞ்சம் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா? "இங்க சாம்பிள் ரூம்ல என்னை இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்று ஆரம்பித்தேன். "வேண்டாம்னு சொல்லிடு" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து வர வேண்டியது உங்கள் வாயிலிருந்து வந்ததும் எங்கிருந்தோ ஓர் ஆத்திரம் வந்தது. இப்போது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை. ஏப்ரல் இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மே கடைசியில் ஆறு மாதம் முடிந்து வீடு வந்து சேர்வேன்.

வேலையில் குறையில்லை. அங்கே போலவே இங்கேயும் நான் கட்டிங் மாஸ்டர்தான். நம் கம்பெனி தைக்கிற சட்டைகளுக்கு முதல் பேட்டர்னை இங்கேதான் வெட்டுகிறார்கள். அதே பிரவுன் பேப்பர், அதே சாக்கட்டி. ஆனால் வெட்டுகிற மேஜை என் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. அங்கே வளைந்து வளைந்து வலித்த முதுகு இங்கே வலிக்கவில்லை.

தபால் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். மாடியில் நாற்பது பேர் சேர்ந்து தரையைத் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம், கூடவே பாட்டு. என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மாஸ்டர்


பிப்ரவரி 20

மாஸ்டர் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர், "என்ன சார், வெளிநாட்டுல இருந்து லவ் லெட்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று மார்தட்டிக்கொண்டேன். பிரித்த பிறகுதான் அது குற்றப்பத்திரிகை என்று தெரிந்தது.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? நீ வேண்டாம் என்றுதான் இருந்தாய், நானும் வேண்டாம் என்றேன். இரண்டும் ஒன்றுதானே. ஒரே பதிலை யார் முதலில் சொன்னால் என்ன? இதற்குப் போய்ப் பேச்சை நிறுத்துவாயா?

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்கிறது. நீ எங்கேயோ ஒரு மூடியைத் திருகுவாயே, அது எங்கே இருக்கிறது? டிரைவிங் ஸ்கூலில் இந்த மாதம் பதினாறு பேர் டெஸ்ட்டுக்குப் போனார்கள், பதினாறும் முதல் தடவையே பாஸ். பாப்பாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது அல்லவா, அவளுக்கும் ஆரம்பித்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இரண்டு சுற்று, பிறகு தெருவில். நன்றாக ஓட்டுகிறாள். நான் வாயே திறப்பதில்லை.

கையெழுத்துப் போடாதே. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
வாத்தியார்


மார்ச் 3

வாத்தியாருக்கு,

மூடி மெஷினின் அடியில், வலது மூலையில். முதலில் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

மாடியில் என்ன சத்தம் என்று கேட்டிருந்தீர்களே. கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். முன்பு தபால் பிரித்த கூடமாம். பலகை போட்ட தரை. வெளியே நின்று எட்டிப் பார்த்தால், எங்கள் சாம்பிள் ரூமில் அயர்ன் போடுகிற அக்கா உள்ளே ஆடிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க முட்டி வலிக்கிறது என்று புலம்புகிறவர், அங்கே ஒரு பாட்டு விடாமல் சுற்றுகிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். சல்சாவாம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை யார் வேண்டுமானாலும் வரலாம். மேடை கிடையாது, பார்க்க வருகிறவர்களும் கிடையாது.

முதல் அரை மணி நேரம் வகுப்பு. ஜோடி ஜோடியாக வட்டமாக நிற்க வேண்டும். டீச்சர் கைதட்டினால் பெண்கள் ஓர் இடம் நகர்ந்து அடுத்த ஆளிடம் போக வேண்டும். எனக்கு வாய்த்த முதல் பெரியவர் பொறுமைசாலி. அவரை விட்டுப் போக மனம் வராமல் அங்கேயே நின்றுவிட்டேன். என்னால் வட்டம் முழுக்க அடைத்துக்கொண்டது. "நீ நகராம நின்னா பின்னாடி வர்றவ எங்கேம்மா போவா?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

வகுப்பு முடிந்ததும் ஆட்டம். ஆண் பெண்ணைக் கேட்கலாம், பெண் ஆணையும் கேட்கலாம். ஒரு பாட்டு. முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அவரவர் வழி. பிடிக்காவிட்டால் 'இந்தப் பாட்டு வேண்டாம்' என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று முதலில் வந்தவரிடம் வேண்டாம் என்றேன். "சரி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்! முகம் தூக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. நான் பத்து நிமிஷம் சுவரோரம் நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமும் போனேன். என் ரப்பர் செருப்பு பலகையில் ஒட்டிக்கொண்டு திரும்பவே விடாது. சாம்பிள் ரூமில் ஒரு ஜாக்கெட்டுக்கு வெட்டிய தோலில் மிச்சம் கிடந்தது. செருப்பின் அடிக்கு அளவெடுத்து வெட்டி ஒட்டிவிட்டேன். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அயர்ன் அக்கா தனக்கும் ஒரு ஜோடி கேட்கிறார்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருகிறார், அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். அவரோடு ஆடும்போது பாதியில் நின்றார். "நான் கையை அசைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க திரும்பிடுறீங்க. நான் என்ன கேக்கப் போறேன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிறீங்க. யாரு உங்களை இவ்வளவு அவசரப்படுத்தினது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு அவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும். நான்குக்கு எதுவும் செய்யக் கூடாது, சும்மா நிற்க வேண்டும். அந்த நான்குதான் எனக்கு வரவே இல்லை.

மாஸ்டர்


மார்ச் 14

உன் கடிதம் வந்தது.

பாட்டுக்கு ஒரு ஆளாக மாறி மாறிக் கையைப் பிடித்து ஆடுவதற்குத்தான் கம்பெனி உன்னை அனுப்பியதா? இது வெளியே தெரிந்தால் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? என் தங்கை, "அண்ணி அங்க எப்படிப் பொழுது போக்குறாங்க?" என்று கேட்டாள். கோயில் குளத்துக்குப் போகிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். இந்த வயதில் எனக்குப் பொய் பேசும் வேலை.

யார் அவசரப்படுத்தியது என்று கேட்டாராமே அந்த லிஃப்ட்காரர். அவரிடம் சொல், இங்கே ஒரு மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே நிதானம் சொல்லிக் கொடுக்கிறான் என்று. இதுவரை என் வண்டியில் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

எனக்குச் சந்தேகம் இல்லை. அதை நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நீ அங்கே சிரித்துக்கொண்டு இருக்கிறாய் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இங்கே நீ அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அதுதான் அதிகக் கோபமாக இருக்கிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு ஏப்ரல் நான்காம் தேதி டெஸ்ட். பாஸ் ஆகிவிடுவாள். வாத்தியார் மகள் அல்லவா.

மூடி கிடைத்தது. தட்டு வைக்க மறந்துவிட்டேன்.


மார்ச் 25

வாத்தியாருக்கு,

இந்தத் தடவை நீங்கள் பெயர் போட்டும் கூப்பிடவில்லை, கீழே கையெழுத்தும் போடவில்லை. பரவாயில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் அப்படி ஒன்று என்னிடம் சொன்னதில்லை. உங்கள் தங்கையிடம் உண்மையையே சொல்லுங்கள். நான் ஆடுகிறேன், நன்றாகவே ஆடுகிறேன்.

ஒரு பழைய கதை எழுத வேண்டும். நமக்குக் கல்யாணமான புதிது. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கூட்டிப் போனீர்கள். நம் தெருவில் ஆரம்பித்து மருந்துக்கடை முனை வரைக்கும் போனேன். ஸ்கூல் காரில் உங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறதே, அதை எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று எண்ணினேன். பதினோரு தடவை. ஒரு தடவைகூட எதிரே எதுவும் வரவில்லை. மருந்துக்கடை முனையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். "அவளுக்குப் பயம்" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நானும் ஆமாம் என்றேன். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாது என்றால், பயம் என்று சொல்வதுதான் எல்லோருக்கும் சுலபம்.

எனக்குப் பயமே இல்லை. அன்றைக்கு எவ்வளவு ஆசையாக வந்தேன் தெரியுமா?

அதற்குப் பிறகு, நீங்கள் அழுத்துவதற்கு முன்னால் நானே நின்றுகொள்ளப் பழகிவிட்டேன். என்ன சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது, எந்தப் புடவை. நீங்கள் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதட்டியதில்லை, கை ஓங்கியதில்லை. ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்து நானே வேண்டாம் என்றுவிடுவேன். லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்து ஆடும்போது கண்டுபிடித்தது அதைத்தான்.

'ஒரே பதிலை யார் முதலில் சொன்னால் என்ன?' என்று கேட்டீர்கள். எனக்கு என்ன ஆசை என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. இது மூன்றாவது கடிதம், போடாதே என்று மட்டும்தான் இதுவரை பதில் வந்திருக்கிறது. ஏப்ரல் இருபது வரைக்கும் காத்திருப்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தோன்றியதைச் செய்வேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம் சொல்லுங்கள்.

மாஸ்டர்


ஏப்ரல் 5

மாஸ்டருக்கு,

பாப்பா நேற்று டெஸ்ட்டில் ஃபெயில்.

போனில் உன்னிடம் அவள் சொல்லவில்லை. "நீங்களே எழுதுங்கப்பா" என்றுவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்கூல் காரில்தான் டெஸ்ட். என் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். நான் வேலிக்கு வெளியே. ஸ்டியரிங், கியர், கண்ணாடி பார்ப்பது எல்லாம் கனகச்சிதம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு, அங்கே நிறுத்த வேண்டும். கோடு நெருங்குகிறது. வண்டி வேகம் குறையவில்லை. வேலிக்கு வெளியே நின்ற என் வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர், "என்ன சார், காலுக்கு என்ன?" என்று கேட்டார். வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. இன்ஸ்பெக்டர்தான் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

இறங்கியதும் அவர் கேட்டார், "கோடு தெரியுதுல்ல, ஏம்மா பிரேக் போடல?"

"அப்பா போட்டுடுவார்னு நினைச்சேன் சார்" என்றாள்.

அவள் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அப்பாவியாக உள்ளதைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் சிரித்தார். மற்ற பிள்ளைகளுக்குக் கடைசி வாரம் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கற்றுக் கொடுப்பதென்றால் அப்படித்தான். என் மகளுக்கு மட்டும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வாயே திறப்பதில்லை என்று உனக்குப் பெருமையாக எழுதினேன் பார், வாய் மூடிக்கொண்டு கால் வேலை பார்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். பதினொன்று என்று எழுதியிருந்தாய். வந்த அன்றைக்கு, மூன்று தடவைதான் இருக்கும், இவள் கூட்டிச் சொல்கிறாள் என்று பதில் எழுதக் காகிதம் எடுத்தேன். நல்லவேளை, எழுதவில்லை. பதினொன்றும் இல்லை, பன்னிரண்டு. நீ கதவைச் சாத்திவிட்டு நடந்து போகிறாய், நான் காரில் உட்கார்ந்து பார்க்கிறேன், அப்போதும் என் கால் பிரேக்மேல்தான் இருந்தது. நீ முனை திரும்பும்வரை எடுக்கவில்லை. பயம் உனக்கு இல்லை. எனக்குத்தான். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று. அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் உன் பத்தொன்பது வருஷம் மிஞ்சியிருக்கும்.

இப்போது கேட்கிறேன். கேட்கத் தெரியவில்லை, தப்பாக இருந்தால் திருத்திக்கொள்.

உனக்கு என்ன ஆசை?

மீதிப் பக்கத்தை வெறுமனே விடுகிறேன். இதற்குக் கீழே நான் எதையும் எழுதக் கூடாது.

 

 

ஏப்ரல் 19

என் வாத்தியாருக்கு,

நீங்கள் விட்ட வெற்றுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் ஒன்றும் இல்லை. நிஜமாகவே எழுதாமல் விட்டுவிட்டீர்கள்! அயர்ன் அக்காவிடம் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும், வெறும் காகிதத்தைப் பார்த்து நான் அழுவதைப் பார்த்து அவரும் அழுதுவிட்டார்.

பாப்பா பாவம். ஆனால் அவள் சொன்ன பதிலை நினைத்து ராத்திரி தனியாகச் சிரித்தேன். நான் சொல்ல வேண்டியதை அவள் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டாள்.

கடிதம் வந்து நான்கு நாளாகிறது. உடனே பதில் எழுதவில்லை, அதற்குக் கோபம் காரணம் இல்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நான் யோசிக்க வேண்டும் அல்லவா? எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதலில் தோன்றியது, 'கேட்டுவிட்டார், போதும், வந்துவிடலாம்' என்று. பிறகு பார்த்தால் அது நீங்கள் கை அசைப்பதற்கு முன்னால் திரும்புவது. அதனால் நின்றேன்.

என் ஆசையைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் வேண்டாம். உங்களையும் பாப்பாவையும் விட்டு என்னால் அவ்வளவு நாள் இருக்க முடியாது. ஆனால் மே மாதத்தோடு வரவும் மனமில்லை. குளிர்காலக் கோட்டுகளுக்கு இப்போதுதான் முதல் பேட்டர்ன் வெட்டுகிறோம். கோட்டின் கையைத் தோளில் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அதைக் கற்றுக்கொண்டுதான் வருவேன். நேற்று மேலாளரிடம் செப்டம்பர் கடைசி வரை மட்டும் என்று நானே பேசினேன். முதலில் முகம் சுளித்தார். நான் நான்காவது எண்ணில் நின்றேன், அவரே பேசட்டும் என்று. சரி என்றுவிட்டார். நடுவில் பத்து நாள் லீவு. மே முப்பதாம் தேதி வருகிறேன்.

நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே எழுதுங்கள்.

இன்று மதியம் லிஃப்ட்காரரை நானே போய் ஆடக் கேட்டேன். முழுப் பாட்டும் ஒரு தடவைகூட முந்திக்கொள்ளவில்லை. முடிந்ததும், "இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார். வீட்டிலிருந்து கடிதம் வந்தது என்றேன்.

உங்கள் மாஸ்டர்


ஏப்ரல் 29

மாஸ்டருக்கு,

வருத்தம்தான். செப்டம்பர் என்று படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். கேட்டால் இப்படியும் பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீ சொன்ன பதில் இது. இருக்கட்டும். கோட்டுக் கையை நன்றாகக் கற்றுக்கொண்டு வா.

தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அண்ணியா? ஆடுறாங்களா?" என்று வாயைப் பிளந்தாள். அப்புறம், "எனக்கும் கத்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பாப்பாவுக்கு மறுபடியும் டெஸ்ட் வைத்தார்கள். நேற்று பாஸ். இந்த மூன்று வாரமும் நான் பட்ட பாட்டைக் கேள். காலைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், அதுவாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது. உன் ஒன்று, இரண்டு, மூன்றை எண்ணிப் பார்த்தேன், நான்கு வருவதற்குள் அழுத்திவிடுகிறேன். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மைதானத்தில் நடக்க வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். பாப்பா வண்டியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோட்டில் அவளாக நிறுத்தினாள்.

இதோடு பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பம் ஒன்று வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் இதை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். இதில் ஓர் எழுத்துகூட நான் எழுதவில்லை. நிரப்புவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

நிரப்பினால், வந்த மறுநாள் ஆபீசுக்குப் போவோம். உரிமம் கைக்கு வந்ததும், காலை ஆறு மணிக்கு, மருந்துக்கடை முனைக்குப் போவோம். நீ இறங்கி நடந்த அதே இடம். வண்டியை அங்கே நிறுத்திவிட்டு நான் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொள்கிறேன். சம்மணம் போட்டுத்தான் உட்காருவேன். கால் மரத்துப்போனால் அது என் பாடு.

நீ வண்டியை எடு.

உன் வாத்தியார்